வெண்ணெய்நல்லூர் வழக்கில் நீதியும் அருளும்

நீதியாவது அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு வழங்குதல். அருளாவது உரிமை நோக்காது வழங்குதல். உரியது வழங்கப்பெறும் இடத்தில் அருளுக்கு வேலை இல்லை. உரிமை நோக்காது வழங்கும் இடத்தில் நீதி தளர்ந்துவிடும். ஆகலின் இவ்விரண்டும் ஓரிடத்து ஒருங்கு நில்லா என்பது உலகினர் பலர் கருத்து. அவையில் அமர்ந்தோன் இரங்கினால் வாதிக்குக் கேடு. இரங்காவிடின் பிரதிவாதிக்குக் கேடு. இவ்விடர்ப்பாட்டைக் காட்டும் வழக்குக் காட்சிகள் பல நாட்டு இலக்கியங்களிலும் உள. தமிழில் அவற்றுள் தலைமை சான்றது, சேக்கிழார் பெருமான் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அமைத்தருளிய திருவெண்ணெய்நல்லூர் அவைக் காட்சியேயாகும்.

புராணம் சொல்வோரும் கேட்போரும் பெரும்பாலும் இக்காட்சியில் நெடிது தங்குவதில்லை. முதிய மறையவர் திருக்கோயிலுள் புகுந்து மறைவதையும், அம்மையப்பராய் விடைமேல் தோன்றுவதையும் காண விரைந்து, அவையை ஒரு வழிநடைச் சத்திரம் போலக் கடந்து செல்கின்றனர். அவ்விரைவினால் ஓர் ஐயம் விடை பெறாமலே நிற்கின்றது. வாதி இறைவன், ஓலை அவன் காட்டியது, முடிவும் அவன் திருவுளத்தில் முன்னரே அமைந்தது. அங்ஙனமாயின் அவையோர் கூத்தில் ஆடும் பாவைகளே அல்லரோ? பொய்யோலை ஒன்றால் ஓர் அவையை மயக்கி ஒருவரை அடிமை கொள்ளுதல் அருளாகுமோ? அருளே ஆயினும் நீதியைக் கெடுத்து வந்த அருள் மாசுடையதன்றோ? இவ்வாறு வினவுவோரைப் பத்தியில்லாதார் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் சேக்கிழார் அவர்களை ஒதுக்கினாரல்லர். அவ்வினாவிற்கு விடையாகவே அவர் அவ்வழக்கைப் படிப்படியாக நடத்திக் காட்டினார் என்பது நூலை ஊன்றி நோக்குவார்க்குப் புலப்படும்.

நிகழ்ச்சி அன்பர் பலரும் அறிந்ததே. திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் ஆதிசைவ மரபில் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் திருமகனாராய்த் தோன்றி, நரசிங்கமுனையர் என்னும் அரசர்பால் வளர்ந்த நம்பியாரூரர்க்குப் புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் திருமகளை மணம் பேசினர். மணப்பந்தரில் நம்பியாரூரர் மணக்கோலத்துடன் அமர்ந்திருந்த அளவில், முதிய மறையவர் ஒருவர் தண்டூன்றி வந்து, தமக்கும் அவருக்கும் இடையே ஒரு வழக்கு உண்டு என்றும், அதனை முடித்த பின்னரே மணம் நடத்தல் வேண்டும் என்றும் தடுத்தார். நாவலூரர் தமக்கு அடிமை என்பதே அவர் வழக்கு. மறையவர் மறையவர்க்கு அடிமையாதல் யாண்டும் இல்லாதது என்று நகைத்த நம்பியாரூரர், நீ பித்தனோ என்று வினவினார். முதியவர் அச்சொல்லுக்கு நாணாது ஓலை காட்ட முற்பட, நம்பியாரூரர் பின்தொடர்ந்து ஓடி, அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவர் முறையிட்டார். வழக்கு அவரது ஊராகிய திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது.

இனி அவையின் செயல்களை முறையே நோக்குதல் வேண்டும்.

வழக்கைக் கேட்டவுடன் அவையோர் கூறிய முதற்சொல் வாதிக்கு எதிரானது. மறையவர் அடிமையாதல் இவ்வுலகில் இல்லாத வழக்கம் ஆயிற்றே, நீர் சொல்வது யாது என்று அவர்கள் முதியவரைக் கேட்டனர். அவர்தம் மரபறிவும் விருப்பும் நம்பியாரூரர் பக்கமே நின்றன என்பது இதனால் விளங்கும். வாதியோ தண்டூன்றிய முதுமகன். பிரதிவாதியோ அரசர் வளர்த்த செல்வர். ஆயினும் அவர்கள் அவ்விருப்பின் வழியே தீர்ப்புச் சொல்லி முதியவரைப் போக்கிவிட்டாரல்லர். அவர் நாவலூரருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலையையே இவர் கிழித்தார் என்றபோது, அவையோர் நம்பியாரூரரை நோக்கி, இசைந்து எழுதிய ஓலையைக் கிழித்தலால் வழக்கு வெல்லுமோ என்று வினவினர். தமக்கு உவந்த பக்கத்தையும் கடிந்து கேட்கும் நேர்மை ஈண்டுக் காணப்படுகின்றது.

அவர்கள் அடுத்துச் செய்தது இதனினும் சிறந்தது. சான்றைக் கிழித்தவன் தோற்றான் என்று அக்கணமே முடிவு கட்டியிருக்கலாம். ஓலையைக் கிழித்தது பலரும் கண்ட செயல். அவ்வாறு முடித்திருப்பின் அத்தீர்ப்புச் சினத்திற்குத் தந்த தண்டனையாகுமேயன்றி, அடிமை உண்டோ இல்லையோ என்னும் வினாவிற்கு விடையாகாது. ஆகலின் அவையோர் மெய்ப்பிக்கும் கடமையை வாதியின்மேலேயே வைத்தனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். நெடுங்காலம் நடந்துவரும் பயிற்சி, எழுதிய பத்திரம், கண்டார் கூற்று என்னும் இம்மூன்றும் இன்றைய நியாயத்தலங்களிலும் சான்றெனக் கொள்ளப்படுவனவே.

முதியவர், கிழிந்தது படியோலை என்றும், மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் கூறினார். கிழித்தவர் மீண்டும் கிழிக்காவண்ணம் அவை காக்குமாயின் காட்டுவேன் என்றார். அவை அதற்கு உறுதி கூறியது. கரணத்தான் அவ்வோலையை வணங்கி வாங்கி, உறை நீக்கிப் படித்தான். திருநாவலூர் ஆதிசைவனாகிய ஆரூரன் என்பான் வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்குத் தானும் தன் வழிவந்தோரும் வழிவழித் தொண்டு செய்வதாக எழுதிக் கையொப்பம் இட்டது அவ்வோலை. அவையோர் சான்று ஒப்பமிட்டோர் எழுத்தை ஆராய்ந்தனர். பின்னர் நம்பியாரூரரை நோக்கி, இஃது உம் பாட்டனார் எழுத்துத்தானோ பாரும் என்றனர். முதியவர் குறுக்கிட்டு, இளையனாகிய இவன் அறிவானோ, அப்பாட்டனார் எழுதிய வேறு கையெழுத்து உளதாயின் அதனோடு நீங்களே ஒப்புநோக்கிச் சொல்லுங்கள் என்றார். அவ்வாறே காப்பில் இருந்த வேறோர் எழுத்தைக் கொணர்ந்து ஒப்பிட்டனர். இரண்டும் ஒத்தன. அதன் பின்னரே நம்பியாரூரர் தோற்றார், ஏவல் செய்தல் அவர்க்குக் கடன் என்று தீர்ப்புக் கூறினர்.

இத்துணை நுட்பமாக வழக்கு நடத்தக் கற்றது எங்ஙனம் எனின், சேக்கிழார் ஆட்சியியல் அறிந்தவர். அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) அமைச்சராய் இருந்தவர் அவர் என்பது சேக்கிழார் புராணத்தால் அறியப்படும். சோழநாட்டு ஊரவைகள் ஒழுங்கு மிக்கன என்பதற்கு முதற்பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் சான்று. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற அவை, குடவோலையால் வாரியத்தாரைத் தேரும் முறையையும், கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் வாரியம் புகலாகாது என்னும் கட்டளையையும் கூறுகின்றன. தம்மையே திருக்கோயிலுக்கு அடிமையாக ஒப்புவித்தவரைக் குறிக்கும் கல்வெட்டுக்களும் சோழர் காலத்தன உள. ஆகவே ஆளோலையும், ஓலைக் காப்பும், கரணத்தானும் புலவரின் வெறுங்கற்பனை அல்ல. அவர் காலத்து மக்கள் கண்முன் கண்டவையே.

இவ்வளவும் அவையின் நேர்மையை நிறுவும். ஆயினும் ஓலை பற்றிய ஐயம் எஞ்சுகின்றது. இறைவன் காட்டிய ஓலை மெய்யோ பொய்யோ?

எல்லாம் இறைவன் திருவிளையாட்டு என்று இதற்கு விடை கூறுவாரும் உளர். அவ்விடை போதாது. விளையாட்டாயினும் பொய்ச்சான்று பொய்ச்சான்றே. நூலாசிரியர் தந்த விடை வேறு. அவர் இவ்வழக்கின் வேரைத் திருமலைச் சிறப்பில் முன்னரே நட்டுவைத்தார். ஆலாலசுந்தரர் கயிலையில் இறைவனுக்கு அணுக்கத் தொண்டர். கமலினி, அநிந்திதை என்னும் இருவர்பால் மனம் போக்கிய காரணத்தால் தென்திசையில் பிறக்குமாறு பணிக்கப்பெற்றபோது, மயங்கும் வேளையில் வந்து தம்மைத் தடுத்தாண்டருளல் வேண்டும் என்று அவரே வேண்டிக்கொண்டார். ஆகவே ஓலையின் பொருள் மெய். நாவலூரர் அடிமை என்பதும் மெய். தடுத்தாளும் உரிமையை அவரே தந்தார் என்பதும் மெய். மறந்தவர் அவர், மறவாதவர் முதியவர். கயிலையில் நிகழ்ந்ததை மண்ணுலகத்து அவைக்குச் சான்றாகக் காட்டல் இயலாது. அவைக்கு விளங்கும் மொழி ஆவணம் ஒன்றே. ஆகலின் விண்ணுலகத்து மெய்யை மண்ணுலகத்து மொழியில் எழுதிக் காட்டினான் இறைவன் என்க.

இதற்கு இன்னொரு சான்று அவ்வோலைக்குள்ளேயே உளது. ஆண்டானின் பெயர் அதில் பித்தன் என்று எழுதப்பட்டிருந்தது. அவ்வோலை அவையில் படிக்கப்படுமுன்னரே, மணப்பந்தரில் சினந்து நின்ற நம்பியாரூரர் முதியவரைப் பித்தன் என்று அழைத்துவிட்டார். வைதது என்று அவர் எண்ணினார். அழைத்தது ஆண்டான் பெயரை. வழக்கை மறுக்கத் திறந்த வாயே வழக்கிற்குச் சான்று பகர்ந்தது. படியோலையைக் கிழித்த கையால் மூலவோலையைத் தொட முடியவில்லை என்பதும் இவ்விடத்து எண்ணத்தக்கது. உயிர் தன் அடிமைத்திறத்தை மறுத்துக் கிழிப்பதெல்லாம் படியே. மூலம் ஆண்டானிடத்தில் அழியாது இருக்கின்றது.

அருள் எங்கே வந்தது என்பதை இனி வினவுதல் வேண்டும். இவ்வழக்கில் இருதிறத்தாரும் இரக்கம் வேண்டவில்லை என்பது வியத்தற்குரியது. மணக்கோலத்தோடு நின்றவர், மணநாள் ஆயிற்றே, இரங்குமின் என்று அவையை வேண்டினாரல்லர். தண்டூன்றி நின்றவரும் தம் முதுமையைக் காட்டி இரங்குமின் என்றாரல்லர். இருவரும் நீதியையே கேட்டனர். அவையும் நீதியையே வழங்கியது. ஒருகால் அவையோர் இளைஞர்பால் இரங்கி, மணம் முடியட்டும், வழக்கைப் பின்னர்ப் பார்ப்போம் என்று சொல்லியிருப்பின் என்னாம்? நம்பியாரூரர் புத்தூருக்குத் திரும்பி மணம் புரிந்து வாழ்ந்திருப்பார், வன்றொண்டர் இலர், திருத்தொண்டத்தொகை இலது, அதனை முதலாகக் கொண்ட பெரியபுராணமும் இலது. அவையோரின் இரக்கம் அருளுக்குத் தடையாகியிருக்கும். இரங்காத தீர்ப்பே அருளுக்கு வாயிலாயிற்று.

தீர்ப்பின்பின் அவையோர் செய்த ஒரு செயலைப் பலர் கவனிப்பதில்லை. வென்றவரை வாழ்த்தி அனுப்பிவிட்டு அவர்கள் எழுந்துவிடவில்லை. ஓலையில் எங்கள் ஊர் என்று எழுதியிருக்கின்றதே, இவ்வூரில் உமது மனை யாது, காட்டும் என்று கேட்டனர். வென்ற வாதியையும் ஆராயாது விடாத அவை அது. அக்கேள்விக்கு விடையாகவே முதியவர் எழுந்து, அவையோரும் நம்பியாரூரரும் பின்தொடரத் திருவருட்டுறை என்னும் திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். இறைவன் வெளிப்பட்டது அவையின் கடைசிக் கேள்வியால் என்பதே இதன் பொருள். நீதி தன் வேலையைக் கடைசிவரை செய்தது. செய்து முடித்த இடம் கோயில் வாயிலாயிற்று.

மேலைநாட்டில் புகழ்பெற்ற வழக்குக் காட்சி ஒன்றோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவுறும். ஆங்கிலக் கவிஞர் ஷேக்ஸ்பியர் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயற்றியதும், பம்மல் சம்பந்த முதலியாரால் வாணீபுர வணிகன் என்று தமிழ் மேடைக்கு அமைக்கப்பெற்றதும் ஆகிய வெனிஸ் நகர வணிகன் நாடகத்திலும் ஒரு பத்திரமே வழக்கிற்கு முதல். கடன் இறுக்காமையால் அந்தோனியோ என்னும் வணிகனின் தசையில் ஒரு பவுண்டு அறுத்துக்கொள்ள ஷைலக் என்னும் யூதன் உரிமை கேட்கின்றான். நியாயவாதி வேடம் பூண்டு வந்த போர்ஷியா முதலில் அவனை இரங்குமாறு வேண்டுகின்றாள். அவன் பத்திரத்தையே பற்றி நிற்கின்றான். தசைக்கே உரிமை, குருதிக்கு இல்லை என்று பத்திரத்தின் எழுத்தாலேயே அவள் அவனை வீழ்த்துகின்றாள். நிலை மாறுகின்றது. இரக்கம் காட்டும் முறை இப்போது மற்றவர்க்கு வருகின்றது. நகரத் தலைவன் அவன் உயிரை விடுகின்றான். ஆயினும் அவன் தன் சமயத்தை விட்டுக் கிறித்தவனாதல் வேண்டும் என்று அந்தோனியோ விதித்த நிபந்தனையும் அவ்விரக்கத்தோடு சேர்ந்து வருகின்றது. அவனும் மறுக்க வழியின்றி இசைந்து வெளியேறுகின்றான்.

அந்நாடகத்தின் கவிநயத்தை எவரும் மறுப்பதற்கில்லை. தோற்றவனையும் மனிதனாகவே படைத்துக் காட்டிய பெருமையும் அக்கவிஞர்க்கு உண்டு. ஆயின் அவ்வவையில் நீதியும் அருளும் ஒன்றையொன்று வென்று தோற்கும் இரு படைகளாகவே நிற்கின்றன. அருளைப் புகழ்ந்து பேசப்பட்ட மன்றத்திலேயே, அருள் என்னும் பெயரால் ஒருவன் உள்ளத்து நம்பிக்கை பறிக்கப்படுகின்றது. அச்சத்தால் ஏற்ற சமயம் சமயமாகாது. அச்சுறுத்தித் தந்த அருளும் அருளாகாது. வெண்ணெய்நல்லூரில் வேடம் பூண்டவர் நியாயவாதி அல்லர், வாதி. வென்ற வாதி தோற்றவரிடமிருந்து எதனையும் அறுத்துக்கொள்ளவில்லை. தம்மையே அவருக்குக் கொடுத்தார். வைத சொல்லையும் தள்ளவில்லை. தம்மோடு வன்மை பேசியமையால் வன்றொண்டன் என்னும் பெயர் தந்து, தம்மைப் பாடுக என்று பணித்தார். யாது சொல்லிப் பாடுவேன் என்று நடுங்கியவர்க்கு, முன்னர் என்னைப் பித்தன் என்றாயே, அதனையே முதலாகக் கொண்டு பாடுக என்றார். வசையே திருப்பதிகத்தின் முதற்சொல்லாயிற்று. இந்நிகழ்ச்சியை நம்பியாரூரரே மறவாது, 7-ஆம் திருமுறையுள் தம் திருநாவலூர்ப் பதிகத்தில், அவைமுன் வன்மை பேசிய தமக்கு வன்றொண்டன் என்னும் வாழ்வு கிடைத்ததைக் குறிப்பிடுகின்றார்.

இவ்விடத்து ஒன்றை மறைத்தல் கூடாது. அன்று அவையில் பேசப்படாத ஒருவர் உண்டு. மணமாலைக்குக் காத்திருந்த சடங்கவியாரின் திருமகளே அவர். வழக்கு அவரைக் கேளாமலே நடந்தது. தீர்ப்பு அவர் வாழ்வையும் சேர்த்தே முடித்தது. புத்தூர் மணம்தவிர்ந்தபுத்தூர் எனப் பெயர் பெற்றது. நம்பியாரூரர் ஆட்கொள்ளப்பெற்ற மகிழ்ச்சியில் அப்பெண்ணின் கண்ணீரை மறப்பது நீதியன்று என்று எவரேனும் கூறின் அக்கூற்றில் வலிமை உண்டு. சேக்கிழார் அதனை உணர்ந்தவர். அவர் அப்பெண்ணைப் புத்தூரில் விட்டுவிட்டுக் கதையை மேலே நடத்திவிடவில்லை. அவர் நாவலூரரையே நினைந்து நின்று, அந்நினைவினாலேயே சிவலோகம் எய்தினார் என்று சொல்லிய பின்னரே செல்கின்றார். ஓலை காட்டி ஆண்டது ஒருவரை. ஓலையின்றி ஆண்டது மற்றொருவரை. ஊரவையின் நீதி தொடாத இடத்தையும் அருள் தொட்டது என்பது அவர் கருத்துப் போலும். அவ்விடை உலகியல் நோக்கில் எல்லாரையும் நிறைவிக்கும் என்பதற்கில்லை. ஆயினும் இழப்பு ஒன்று நேர்ந்தது என்பதை மறையாது எழுதிய புலவரின் நேர்மை, அவையோரின் நேர்மைக்கு ஒத்ததேயாகும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், நீதியைத் தள்ளிவிட்டு வருவது அருளன்று என்பதே. சான்று ஆராயாது இரங்குதல் மனத்தின் தளர்ச்சி. சான்று ஆராய்ந்தும் வென்றவன் தோற்றவனை நசுக்குதல் நீதியின் பெயரால் நிகழும் வன்மை. இறைவனது கருணையை அறக்கருணை என்றும் மறக்கருணை என்றும் இருவகையாகச் சித்தாந்தம் வகுத்தது இதனாலேயாம். தடுத்ததும் கருணை, ஆண்டதும் கருணை. மணப்பந்தரில் வந்த தடை மறக்கருணை. அருட்டுறையில் வந்த காட்சி அறக்கருணை. முன்னது பின்னதற்கு மாறன்று, வழியே ஆகும்.

வெண்ணெய்நல்லூர் அவையோரின் பெயர்களைச் சேக்கிழார் எழுதவில்லை. தம் முன் நின்ற முதியவர் யார் என்று தீர்ப்புக் கூறும்போது அவர்கள் அறியார். அறிந்து தீர்ப்புச் சொல்லியிருப்பின் அது பத்தியாகுமேயன்றி நீதியாகாது. அறியாமலே, விருப்பு வெறுப்பின்றி, கேட்க வேண்டியவற்றைக் கேட்டு, பார்க்க வேண்டியவற்றைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னமையால், இறைவன் முன்செல்ல அவன் பின் திருக்கோயில் வாயில்வரை நடக்கும் பேறு அவர்களுக்கு வாய்த்தது. நம்பியாரூரர்க்குப் பாடும் பேறு. பெயரறியா அவையோர்க்கு உடன் நடக்கும் பேறு. அவை ஏறி வழக்குத் தீர்ப்பாரும், வீட்டில் இருந்து பிறர் குற்றம் தேர்வாரும் அவ்வடிகளைச் சிந்தித்து, ஆராய்ந்து நீதி செய்து, அதன் முடிவில் அருளுக்கு வாயில் திறந்து வைப்பாராக.